ஆறாவது பொட்டு

கராஜ் இல்லாத வீட்டுக்குக் கார் வந்தால் அது பலா மரத்தடியில்தான் நிற்கும். பலா காய்க்கிற பருவமாக இருந்துவிட்டால், வீட்டுக்காரன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பான். மலாக்கா காஜா பெராங்கில் கருணாகரன் இரண்டு மாதமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தான்.

கார் வந்த கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். குருபோங்கில் ஒரு சீனத் தவுக்கே, பணக்கார முதலாளி, பழைய கித்தாக்காடு ஒன்றை, அதாவது ரப்பர் தோட்டத்தை, வாங்கினார். அதன் நடுவே, ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைக்கூடம் ஒன்று ஜப்பான்காரன் காலத்திலிருந்து பூட்டியே கிடந்தது. பூட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு மோரிஸ் கார். துணிக்கூரையை மடக்கினால் வானம் தெரிகிற வண்டி. அந்தத் துணியில் பாதியை எலிகளும் மீதியைக் கரையானும் பங்கு போட்டு முடித்திருந்தன. நம்பர் பிளேட் இல்லை. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார் தவுக்கே. கருணாகரன் லாரி பிடித்து ஏற்றி வந்துவிட்டான்.

அவன் அரசாங்க ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி. சைக்கிள் செயின் கழன்றால் உருட்டிக்கொண்டே வீடு வந்து சேருகிற ஆள். அப்படிப்பட்டவன் இந்த வம்பில் இறங்கியதற்குக் காரணம் அவன் அப்பா நல்லையா. தோட்டத்தில் முப்பது வருடம் பெரிய கிராணியாக இருந்தும், துரையின் கார் கிளப்பிய புழுதியில் சைக்கிள் மிதித்தே காலத்தை ஓட்டியவர். மலாயா விடுதலை பெறுகிற மெர்டேக்கா நாள் ஊர்வலத்தன்று அவரைத் திறந்த காரில் உட்கார வைத்துப் பண்டார் ஹிலிர் வரை ஓட்டிப்போக வேண்டும். துரைகள் உட்கார்ந்த இடத்தில் அப்பா உட்கார வேண்டும். மகனுக்கு அவ்வளவுதான் ஆசை.

நல்லையா இரண்டு மாதமாகச் சிரம்பானில் மகள் மல்லிகா வீட்டில் இருந்தார். கார் வந்த சேதி அவருக்குத் தெரியாது. போன வாரம் எஞ்சின் உயிர் பெற்றதும் கருணாகரன் மண்ணெண்ணெய்க் கையோடு மனைவியைக் கட்டிப்பிடித்து, அவள் புதுச் சேலையைக் கெடுத்துத் திட்டு வாங்கினான். இன்று ஞாயிறு. மெர்டேக்காவுக்கு இருபது நாள். மூன்று மணி பஸ்ஸில் அப்பா வருகிறார்.

"உன்னைய இந்த மரத்துல கட்டி வெச்சு அடிக்கணும்" என்றான் ரஹீம்.

ரஹீம் பண்டார் ஹிலிரில் லாரி ரிப்பேர் பார்ப்பவன், கருணாகரனின் வயதுக்காரன். ஞாயிறு தவறாமல் வந்து, நண்பன் வாரம் முழுக்கச் செய்த தப்புகளைத் திருத்திவிட்டுப் போவான். அவன் கையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது.

"கதவு ஸ்குரூ, சீட்டு ஸ்குரூ, டாஷ்போர்டு ஸ்குரூ, எல்லாத்தையும் ஒரே டின்னுலயா போட்டு வெப்ப? தனித்தனியா போட்டுப் பேரு எழுதி ஒட்டுன்னு சொன்னேனா இல்லையா?"

"புத்தகத்துல அப்படி ஒண்ணும் போடலியே."

"புத்தகம் எழுதின வெள்ளக்காரனுக்கு உன்னைய மாதிரி ஆளு இருப்பான்னு தெரியாது லா!"

கோகிலா சமையலறை ஜன்னலிலிருந்து சிரித்தாள். சிரித்தாளே தவிர, அவளுக்கு அந்தக் கார் வந்த நாளிலிருந்தே பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் இடத்தை அடைக்கிறது என்பாள், கொசு சேருகிறது என்பாள். உண்மையான காரணம் வேறு. அவளுக்குத் தேவதாஸ் என்று ஓர் அண்ணன் இருந்தான். அவன் ஓட்டியதும் இதே மாதிரி ஒரு மோரிஸ்தான்.

அந்தக் கதை மலாக்காவில் எல்லாருக்கும் தெரியும். தேவதாஸ், நல்லையா வேலை பார்த்த அதே தோட்டத்தில் துரைக்கு டிரைவர். ஜப்பான்காரன் இறங்கிய நேரத்தில் துரை மற்ற வெள்ளைக்காரர்களோடு ரயிலேறிச் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். காரைப் பின்னாலேயே கொண்டுவரச் சொன்னார். தேவதாஸ் கிளம்பினான். சிங்கப்பூருக்கும் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. காரை வடக்கே கொண்டுபோய் விற்றுவிட்டு ஓடிவிட்டான் என்று தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு வந்து சொன்னவர் பெரிய கிராணி நல்லையா.

அடுத்த வாரமே அவன் தாய் சாரதாம்பாளும் பத்து வயது கோகிலாவும் லயத்து வீட்டைக் காலி செய்தார்கள். உஜோங் பாசிரில் ஓர் ஒட்டுக்குடிசையில் பலகாரம் சுட்டு விற்று மகளை வளர்த்தாள் சாரதாம்பாள். பள்ளிக்கூடத்தில் கோகிலாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. திருடன் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தத் திருடன் தங்கச்சியை மூன்று வருடத்துக்கு முன்னால் நல்லையா தேடிவந்து மகனுக்குக் கேட்டார். "அண்ணன் செஞ்சதுக்குத் தங்கச்சி என்ன பண்ணுவா?" என்று அவர் கல்யாணத்தில் சொன்னதை இன்றைக்கும் காஜா பெராங்கில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. கோகிலாவும் மாமனாரைத் தெய்வத்துக்கு அடுத்தபடியாகத்தான் வைத்திருந்தாள். சாரதாம்பாள் மட்டும், சம்பந்தி வீட்டுக்கு வந்தால் சமையலறையை விட்டு வெளியே வரமாட்டாள். நல்லையா எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவாள். மகனால் வந்த அவமானம், பாவம், நிமிர்ந்து பார்க்க முடியவில்லை என்று கோகிலா நினைத்துக்கொள்வாள்.

நாமும் அப்படித்தானே நினைத்தோம்.

காலை பத்து மணிக்கு ரஹீம் இடது கதவோடு மல்லுக்கட்டினான். அந்தக் கதவு கருணாகரனை எட்டு நாள் அழவைத்த கதவு. கைப்பிடியைத் திருகினால் திறக்காது, இழுத்தால் திறக்காது, கெஞ்சினாலும் திறக்காது. போன வாரம்தான் ரஹீம் அதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்திருந்தான். கைப்பிடியை மேலே தூக்கி, முழங்காலால் கீழ்ப்பக்கத்தை ஒரு முட்டு முட்டி, அப்புறம் இழுக்க வேண்டும்.

"கீழ் ஓரம் உள்ள நசுங்கிக் கெடக்கு. எங்கயோ நல்லா மோதியிருக்கு" என்றான் ரஹீம்.

"அந்தப் புகைக்கூடத்து வாசக் கட்டையிலதான். கட்டையில பெயிண்ட் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, நான் பார்த்தேன். உள்ள தள்ளும்போது ஒரசியிருக்காங்க."

"சரி, அத அடுத்த வாரம் தட்டி நிமித்துவோம். நீ பெயிண்ட ஒரசு. மொத்தமா ஒரசாத, ஒரு கையகலம் ஒரசு. கீழ எத்தன கோட்டு இருக்குன்னு பார்த்துட்டுச் சொல்லு." ரஹீம் ஒரு நிக்காஹ் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்பினான். போகும்போது பிஸ்கட் டின்னையும் தூக்கிக்கொண்டு போனான். இது உன் கையில இருந்தா ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனான்.

கருணாகரன் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு உப்புத்தாளால் உரசினான். காரின் மேலே இருந்தது கறுப்பு. கறுப்பு என்றால் நல்ல கறுப்பு இல்லை. யாரோ வீட்டுத் தூரிகையால் அவசரத்தில் பூசின கறுப்பு, தூரிகை மயிர்கூட அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. கால் மணி உரசியதும் அது கரைந்து வழிந்தது.

"கோகிலா! இங்க வந்து பாரேன். அடியில என்ன அழகான கலரு!"

அவள் காப்பித் தம்ளரோடு வந்தாள். கையகலத்துக்கு நாவல்பழ நிறம் பளிச்சென்று தெரிந்தது. அதன்மேல் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு.

தம்ளரில் இருந்த காப்பி அவள் காலில் கொட்டியது. சுட்டது அவளுக்குத் தெரியவே இல்லை.

"ஏய், என்னாச்சு?"

"இந்தக் கோடு கதவு வரைக்கும் போவும். கதவுகிட்ட வந்து ரெண்டாப் பிரியும்" என்றாள் கோகிலா.

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஒரசிப் பாருங்க."

கருணாகரன் உரசினான். கோடு கதவு வரை போயிற்று. கதவருகே வந்து இரண்டாகப் பிரிந்தது.

அவன் அவளைப் பார்த்தான். கருணாகரன் அந்தக் காலத்தில் சிரம்பானில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தவன். துரையின் காரை விடுமுறையில் ஒன்றிரண்டு தடவை தூரத்தில் பார்த்ததோடு சரி.

"கோடு போட்ட காடி ஊருல ஆயிரம் இருக்கும்" என்றான். குரலில் சுரத்து இல்லை.

"பின் சீட்டைத் தூக்குங்க."

"சீட்டுக்கடியில என்ன?"

"தூக்குங்களேன்!"

பின் சீட்டின் மெத்தை எப்போதோ போய்விட்டது. அடியில் மெழுகுத்துணி ஒன்றைப் பலகையோடு சேர்த்து ஆணி அடித்திருந்தார்கள். துணி நன்றாக இருந்ததால் அதைக் கழற்ற வேண்டாம் என்று கருணாகரன் இரண்டு மாதமாக விட்டு வைத்திருந்தான். இப்போது ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்பினான். துணி சரசரவென்று கிழிந்துகொண்டு வந்தது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். டிரைவர் வேலை பார்க்கிற நம் ஆட்களுக்கு ஆயுதபூசை என்றால் தீபாவளியை விடப் பெரிது. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி ஓட்டினால்தான் அந்த வருடம் வண்டி ஓட்டுகிற தைரியமே வரும். ஆனால் தேவதாஸின் துரைக்குத் தன் கார்மேல் பொட்டு வைத்தால் ஆகாது. முதல் வருடம் வைத்ததற்கு அவரே கைக்குட்டையால் துடைத்து எறிந்தார். அன்று சாயங்காலம் தேவதாஸ் தங்கையைத் தூக்கிக்கொண்டு வந்து காரின் பின் சீட்டைத் திறந்தான். "சாமிக்கு மேல கீழன்னு உண்டா? இங்க வை பாப்பா. இங்க எந்தத் துரை வந்து பார்க்கப்போறான்?" என்றான். குங்குமம் அழிந்துவிடும் என்று, சக்கரத்துக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டில் அவள் விரலைத் தோய்த்தான். ஆறு வயது கோகிலா முதலில் பிள்ளையார் சுழி போட்டாள். அப்புறம், அப்போதுதான் எழுதப் பழகியிருந்ததால், யாரும் கேட்காமலே தன் பெயரையும் எழுதினாள். கடைசியில் ஒரு பொட்டு வைத்தாள்.

அதற்கப்புறம் வருடத்துக்கு ஒரு பொட்டு. அவளைத் தவிர யாரையும் வைக்க விட்டதில்லை.

பலகையில் பிள்ளையார் சுழி இருந்தது. அதற்குக் கீழே, ஒரு எழுத்து பெரிதும் ஒரு எழுத்து சிறிதுமாகச் சாய்ந்துகொண்டு, கோகிலா என்று இருந்தது.

தன் பெயரைப் பார்த்துப் பயந்தவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கோகிலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை.

"விக்கல" என்றாள். "அண்ணன் விக்கல. எங்கயும் ஓடல. காடி இங்கதான் இருந்திருக்கு. குருபோங்குலயே இருந்திருக்கு! சைக்கிள்ல போற தூரத்துல இருந்திருக்கு! பதினஞ்சு வருசமா எங்கம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நடந்தாளே…"

கருணாகரன் அவள் பக்கத்தில் குந்தினான். பலகையில் இருந்த தூசியைத் தன் சட்டை முனையால் துடைத்தான். பொட்டுகள் ஒவ்வொன்றாகச் சிவந்து தெரிந்தன.

"எத்தன வருசம் வெச்ச?"

"அஞ்சு. முப்பத்தேழுலேருந்து நாப்பத்தொண்ணு வரைக்கும். அஞ்சுதான்."

கருணாகரன் துடைப்பதை நிறுத்தினான்.

"கோகிலா. இங்க ஆறு இருக்கு."

அவள் எண்ணினாள். விரலை வைத்துத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஐந்து பொட்டு அவளுடையது, சின்ன விரலின் சின்னப் பொட்டு. ஆறாவது பெரியவர் விரல். வட்டமாக இல்லாமல் மேலே ஒரு வால் நீண்டிருந்தது. படுக்கையாகக் கிடக்கிற பலகையில் பெயிண்ட் தானாக ஓடாது, யாரோ இழுத்துவிட்டிருக்க வேண்டும்.

நாற்பத்தொன்றுக்கு அடுத்த ஆயுதபூசை நாற்பத்திரண்டு. தேவதாஸ் காரை விற்றுவிட்டு ஓடிவிட்டான் என்று சொன்னது நாற்பத்திரண்டு தை மாதம். பூசை வந்தது புரட்டாசியில். அத்தனை மாதம் கழித்து யாரோ இந்தச் சீட்டைத் திறந்திருக்கிறார்கள். இங்கே பொட்டு வைக்க வேண்டும் என்பது தெரிந்தவர் திறந்திருக்கிறார். அப்புறம் அதன்மேல் துணி போட்டு ஆணியும் அடித்திருக்கிறார்கள்.

"அண்ணனுக்கும் எனக்கும் தவிர இது யாருக்கும் தெரியாதுங்க" என்றாள் கோகிலா. "அண்ணன் இருந்திருக்காரு. அப்ப உசிரோட இருந்திருக்காரு."

மத்தியானச் சாப்பாட்டை யாரும் தொடவில்லை. புருஷனும் பெண்சாதியும் முதல்தடவையாகக் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டார்கள்.

"மாமாகிட்ட கேக்கத்தான் போறேன்" என்றாள் அவள்.

"என்னன்னு கேப்ப?"

"வித்துட்டு ஓடிட்டான்னு வந்து சொன்னாரே, அவருக்கு அதை யாரு சொன்னான்னு கேப்பேன்."

"அப்பா கேள்விப்பட்டதைச் சொல்லியிருப்பாரு. அந்த நேரத்துல யாரு என்ன சொன்னாலும் நம்புற காலம் அது. அவரும் ஏமாந்திருக்கலாம்ல?"

"ஏமாந்திருந்தா, அவரும் என்னைய மாதிரிதானே அதிர்ச்சியாவாரு. பார்த்துட்டுப் போறோம்."

"இன்னிக்கு வேணாம் கோகிலா. ரெண்டு மாசம் கழிச்சு வராரு. அவர உக்கார வெச்சு ஊர்வலம் போவணும்னுதான் நான் இந்தக் காடியையே…" கருணாகரன் அவள் கையைப் பிடித்தான். "மெர்டேக்கா முடியட்டும். உன் காலுல வேணா விழறேன்."

கோகிலா அவனைப் பார்த்தாள். நல்லவன், நல்லவனுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும். அதனாலேயே கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

"உங்களுக்கு மெர்டேக்கா இருபது நாளுல வந்துரும்" என்றாள். "எங்கம்மாவுக்கு எப்ப வரும்?"

மூன்றரை மணிக்கு நல்லையா தெருமுனையில் தெரிந்தார். வெள்ளை வேட்டி, கோட்டு, குடை, ஒரு கையில் சிரம்பான் பலகாரக் கூடை. வாசலிலேயே, "பசியாறிட்டீங்களா எல்லாரும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் பலா மரத்தடியைப் பார்த்தார்.

மனதுக்குள் என்ன நடந்தாலும் கருணாகரனால் ஆசையை அடக்க முடியவில்லை. தார்ப்பாயை இழுத்துவிட்டு, "அப்பா! உங்களுக்குத்தான்!" என்றான்.

காரின் பக்கவாட்டில் நாவல்பழ நிறம் கையகலத்துக்கு மின்னியது. நல்லையா அதைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மகிழ்ச்சியா திகைப்பா என்று சொல்ல முடியாதபடி முகம் இறுகிப்போயிருந்தது.

"எங்க புடிச்ச?" என்றார்.

"ஒரு தவுக்கே குடுத்தாரு. உக்காருங்கப்பா. துரை உக்கார்ற எடத்துல உக்காருங்க."

கோகிலா வாசற்படியில் நின்று மாமனாரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் கையைப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

நல்லையா குடையை இடுக்கிக்கொண்டு இடது கதவிடம் போனார். கைப்பிடியைப் பிடித்தார். மேலே தூக்கினார். முழங்காலால் கீழே ஒரு முட்டு முட்டினார். இழுத்தார்.

கதவு திறந்துகொண்டது.

கருணாகரனின் முகம் வெளுத்தது. எட்டு நாள் அவன் அழுத கதவு. ரஹீமுக்கே போன வாரம்தான் பிடிபட்ட கதவு. அப்பா ஒரே மூச்சில் திறந்துவிட்டு, திறந்த கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். தான் செய்தது என்னவென்று அவருக்கும் அப்போதுதான் புரிந்தது.

"மாமா" என்றாள் கோகிலா. "அண்ணன் ஓட்டின காலத்துல இந்தக் கதவு ஒரு விரலுக்குத் தொறக்கும். அப்ப எனக்குப் பத்து வயசு, நானே தொறந்திருக்கேன். அந்தப் புகைக்கூடத்துக்குள்ள தள்ளும்போது மோதித்தான் இப்படி ஆச்சு. நீங்க எப்ப மாமா முட்டித் தொறக்கப் பழகுனீங்க?"

"பழைய காடின்னா எல்லாம் அப்படித்தாம்மா…"

"அப்பா" என்றான் கருணாகரன். அவ்வளவுதான் சொன்னான். அந்த ஒரு வார்த்தையில் கெஞ்சலும் இருந்தது, கட்டளையும் இருந்தது. நல்லையா திறந்த கதவின் வழியாகக் காரின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பலகாரக் கூடை சாய்ந்து உருண்டைகள் மண்ணில் ஓடின.

கோகிலா பக்கத்தில் வந்தாள். பின்னால் கையை நீட்டிப் பலகையைக் காட்டினாள்.

"இது என் கையெழுத்து. இந்த அஞ்சும் நான் வெச்சது. ஆறாவது யாரு வெச்சா?"

நல்லையா பலகையைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அவன் திருடல" என்றார் மெதுவாக. "துரை போனதும் தோட்டத்துல ஆள் புடிக்க வந்தான் ஜப்பான்காரன். காடி ஓட்டத் தெரிஞ்சவனைத்தான் மொதல்ல கேட்டான். நானும் அவனுமா ராவோட ராவா காடியைத் தள்ளிக்கிட்டுப் போயி குருபோங்குல வெச்சோம். அவனும் அங்கயே இருந்தான். ஓடிட்டான், வித்துட்டான்னு நான் சொன்னாத்தான் இங்க தேட மாட்டாங்க. அதனால சொன்னேன்."

"ஜப்பான்காரன் போயி பன்னெண்டு வருசம் ஆச்சே மாமா! அப்புறம் ஏன் சொல்லல? என்னைய ஸ்கூலுல துப்பினாங்களே, அப்ப ஏன் சொல்லல? கல்யாணத்துல மைக்கைப் புடிச்சு, அண்ணன் செஞ்சதுக்குத் தங்கச்சி என்ன பண்ணுவான்னு ஊர் கைதட்டச் சொன்னீங்களே, அன்னிக்காவது ஏன் சொல்லல?"

எழுபதை நெருங்குகிற மனிதர், கோட்டுக்குள் இரண்டு சுற்றுச் சுருங்கிப்போனார்.

"என் அண்ணன் எங்க?"

நல்லையா மண்ணில் ஓடிய உருண்டைகளைப் பார்த்தார்.

கோகிலா முந்தானையை இழுத்துச் செருகினாள். முன் கதவைச் சுற்றிப்போய், பின்பக்கம் ஏறி, மெத்தை இல்லாத அந்தப் பலகையில், தன் பெயர்மேல் படாமல் ஓரமாக உட்கார்ந்தாள்.

"என்னங்க, காடிய எடுங்க."

"எங்க?" என்றான் கருணாகரன்.

"உஜோங் பாசிருக்கு. மாமா எங்கிட்ட சொன்னதை எங்கம்மாகிட்ட வந்து சொல்லட்டும். எங்கம்மா மொகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்."

"நம்பர் பிளேட் இல்ல. ரோடு டேக்ஸ் இல்ல. பிரேக் வேற ரெண்டு தடவ மிதிச்சாத்தான் புடிக்குது. நான் கவர்மெண்டு வேலையில இருக்கேன் கோகிலா!"

"கூரை இல்லல்ல? அது போதும். ஊரு பார்க்கட்டும். தேவதாஸ் வித்துட்டு ஓடின காடி இதுதான்னு பார்க்கட்டும்."

கருணாகரன் அப்பாவைப் பார்த்தான். அவர் மறுக்கவில்லை. கால்களை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். துரை உட்கார்கிற இடத்தில், மகன் ஆசைப்பட்ட அதே இடத்தில், நல்லையா உட்கார்ந்திருந்தார். அவன் எண்ணியிருந்த கோலம் இதுவா? கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய்க் கைப்பிடியை மாட்டிச் சுற்றினான். மூன்றாவது சுற்றில் எஞ்சின் இருமிவிட்டு உறுமியது. மலாய் பேசுகிற பழைய தமிழ்க் குடிகளான பக்கத்து வீட்டுச் சிட்டிக்காரர்கள் வேலியோரம் வந்து, மலாயில் ஏதோ சொல்லிச் சந்தோஷமாகக் கைதட்டினார்கள். ஊர்வலத்துக்கு ஒத்திகை என்று நினைத்துக்கொண்டார்கள், பாவம்.

கருணாகரன் ஸ்டீயரிங்கைப் பிடித்தான். கார் வேலியைத் தாண்டி ரோட்டுக்கு வந்து நின்றது.

"கோகிலா" என்றார் நல்லையா, திரும்பாமலே. "அங்க வந்து நான் என்னத்தம்மா சொல்ல?"

"அண்ணன் திருடன் இல்லன்னு சொல்லுங்க. எங்கம்மா இத்தன வருசம் அந்தப் பேச்சைத் தாங்கிக்கிட்டு இருந்தாங்க. அவங்க காதால கேக்கட்டும்."

"அது அவங்களுக்குத் தெரியும்."

"பெத்தவங்களுக்குத் தெரியத்தான் செய்யும். ஆனா நீங்க சொல்லணும்."

"அப்படித் தெரியறதச் சொல்லலம்மா நான்." அவர் இப்போது திரும்பினார். கை பலகையை நோக்கி நீண்டது. "யாரு வெச்சான்னு கேட்டியே. அந்த வருசம் ஆயுதபூசைக்கு நான்தான் அவங்கள குருபோங்குக்குக் கூட்டிட்டுப் போனேன். இந்தக் கதவை முட்டித் தொறந்துவிட்டேன். தேவதாஸ் பெயிண்டு டின்னைப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னான். பாப்பா வர முடியலியேன்னு அழுதான். அவளுக்குப் பதிலா நான் வெக்கிறேன்னு சொல்லி…"



கோகிலா குனிந்து ஆறாவது பொட்டைப் பார்த்தாள். மேலே வால் நீண்ட பொட்டு. பள்ளிக்கூடம் கிளம்பும்போதெல்லாம் அவளை வாசலில் நிறுத்தி, மோதிர விரலால் சாந்தைத் தொட்டு நெற்றியில் வைத்து, அப்படியே மேலே ஓர் இழுப்பு இழுத்துவிடுவாள் சாரதாம்பாள். ஏம்மா இழுக்கிறே என்று கேட்டால், என் மக நெத்தி எல்லாத்துக்கும் மேல இருக்கணும் என்பாள். தன் மகன் திருடவில்லை என்று தெரிந்தும், திருடன் தங்கச்சி என்று கூப்பிடுவார்கள் என்று தெரிந்தும், தினமும் அந்தப் பொட்டை வைத்து அனுப்பியிருக்கிறாள்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. போவதா, நிறுத்துவதா என்று தெரியாமல் கருணாகரன் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தை அவன் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"போங்க" என்றாள் கோகிலா.